ரெஸ்வெரட்ரால்: முதுமையைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட ஒரு சேர்மத்தின் வரலாறு

ரெஸ்வெரட்ரால் என்பது திராட்சைத் தோல், புளூபெர்ரி, கிரான்பெர்ரி, மல்பெரி, வேர்க்கடலை போன்றவற்றில் சிறிய அளவில் காணப்படும் ஒரு தாவரச் சேர்மம். பாலிஃபீனால் என்னும் பெரும் குடும்பத்தில் ஸ்டில்பீன் வகையைச் சேர்ந்தது. தாவரவியல் கணக்கில் திராட்சையும் ஒரு பெர்ரிதான். கடந்த முப்பது ஆண்டுகளில் இதயத்தைக் காக்கும், புற்றுநோயைத் தடுக்கும், ஆயுளை நீட்டும் என்றெல்லாம் இந்தச் சேர்மத்தைப் போல விளம்பரம் பெற்ற தாவரப் பொருள்கள் குறைவு. அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்பதே இதன் வரலாறு.

கண்டுபிடிப்பு

இது முதலில் பழத்திலிருந்து கிடைக்கவில்லை. ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ தகாஓகா 1939இல் வெராட்ரம் என்னும் நச்சுச் செடியின் வேரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சேர்மத்தின் பெயரில் அச்செடியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1963இல் ஜப்பானிய நாட்வீட் என்னும் செடியின் வேரிலும் இது இருப்பது தெரிந்தது. சீன, ஜப்பானிய மரபு மருத்துவத்தில் அந்த வேர் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. ஆயினும் வேதியியலாளர்களுக்கு வெளியே யாரும் இதைக் கவனிக்கவில்லை.

திராட்சையுடன் இதன் உறவு 1976இல் வெளிப்பட்டது. லாங்கேக், பிரைஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், பூஞ்சை தாக்கிய அல்லது புறஊதாக் கதிர் பட்ட திராட்சை இலைகள் ரெஸ்வெரட்ராலை உற்பத்தி செய்வதைக் கண்டனர். நோய்க்கிருமி தாக்கும்போது தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் இத்தகைய பொருள் பைட்டோஅலெக்சின் எனப்படும். ஆகவே ஒரே கொடியில்கூட ரெஸ்வெரட்ராலின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈரப்பதமான, பூஞ்சைத் தொல்லை மிகுந்த பருவத்தில் கூடும். நல்ல வெயில் பருவத்தில் குறையும். பின்னாளில் மனிதனின் இளமைக்கு மருந்து எனப் பேசப்பட்டது, கொடி தன் எதிரியை விரட்டச் செய்துகொண்ட பொருள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஒயினும் இதயமும்

1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி ஒரு புதிரை எழுப்பியது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாக உண்ணும் பிரெஞ்சு மக்களுக்கு இதய நோய் இறப்பு ஏன் குறைவு? லியோனைச் சேர்ந்த ஆய்வாளர் செர்ஜ் ரெனோ, மிதமாக அருந்தும் ஒயின் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ‘பிரெஞ்சு முரண்பாடு’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அதன் பிறகு அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை 44 விழுக்காடு உயர்ந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சீமன், கிரீசி ஆகியோர் ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதை அளந்து வெளியிட்டனர். புதிருக்கு ஒரு பெயருள்ள விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. 1997இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜான் பெசுட்டோவின் குழு, எலித் தோலில் புற்றுக்கட்டி உருவாவதை இது தடுப்பதாக எழுதியது. இதயத்தோடு புற்றுநோயும் சேர்ந்துகொண்டது.

ஆயுள் நீட்டிப்பு

மிகப் பெரிய கூற்று 2003இல் வந்தது. கோன்ராட் ஹோவிட்ஸ், ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் ஆகியோரின் குழு, ரெஸ்வெரட்ரால் ஈஸ்ட்டின் ஆயுளை 70 விழுக்காடு வரை நீட்டியதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. இங்கு ‘ஆயுள்’ என்பது ஒரு தாய்ச் செல் எத்தனை முறை பிரிகிறது என்ற எண்ணிக்கை. நாள்களையோ ஆண்டுகளையோ குறிப்பதல்ல. செய்தித்தாள்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போனது. சிர்ட்டுயின் என்னும் நொதிகளை ரெஸ்வெரட்ரால் தூண்டுகிறது, உணவைக் குறைத்து உண்ணும் விலங்குகள் நீண்டநாள் வாழ்வதும் அதே வழியில்தான் என்பது அவர்களது விளக்கம். பட்டினி கிடக்காமலே பட்டினியின் பலன் என்ற எண்ணம் யாரையும் கவரக்கூடியது.

2006இல் அதே ஆய்வுக்கூடம் கொழுப்பு மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் ஊட்டியது. அவை பருமனாகவே இருந்தன. ஆனால் கல்லீரலும் இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டன, இறப்பு அபாயம் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆண்டுகளில், 2008இல், சின்க்ளேர் இணைந்து நிறுவிய சிர்ட்ரிஸ் நிறுவனத்தை கிளாக்ஸோஸ்மித்கிளைன் 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவையும் பார்க்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 22.4 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு நேராகப் பெருக்கினால் சுமார் 1,340 மில்லிகிராம் வரும். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருப்பதோ பெரும்பாலும் சில மில்லிகிராம்தான். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வளர்சிதை வேறுபாட்டைக் கணக்கிட்டு அளவைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தாலும் நாளுக்குப் பல லிட்டர் ஒயின் தேவைப்படும். பழமாக உண்டு எட்டுவதும் நடக்காத காரியம். 2004இல் வெளியான ஒரு மனித ஆய்வில், விழுங்கிய 25 மில்லிகிராமில் பெரும்பகுதி குடலால் உறிஞ்சப்பட்டும், மாற்றமடையாத ரெஸ்வெரட்ரால் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. கல்லீரலும் குடலும் அதை உடனுக்குடன் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன.

சறுக்கல்

2008இல் ஒரு முடிவு பலரது உற்சாகத்தைக் குறைத்தது. இயல்பான உணவு உண்ட எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது கண்புரை குறைந்தது, எலும்பும் உடல் ஒருங்கிணைப்பும் மேம்பட்டன. ஆனால் ஆயுள் கூடவில்லை. 2010இல் ஃபைசர் ஆய்வாளர்கள், சோதனைக்குழாயில் சிர்ட்டுயின் தூண்டப்பட்டதாகத் தெரிந்தது ஒளிரும் குறிச்சாயத்தால் ஏற்பட்ட தோற்றமே என்று வாதிட்டனர். சின்க்ளேர் தரப்பு 2013இல் இதற்கு மறுப்பு வெளியிட்டது. எந்த மூலக்கூறுகளோடு சேர்ந்தால் அந்தத் தூண்டல் நிகழ்கிறது என்பதைச் சுற்றியே விவாதம் நின்றது.

அதே 2010இல், மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோய் உள்ளவர்களிடம் அதிக அளவு ரெஸ்வெரட்ராலைச் சோதித்த கிளாக்ஸோஸ்மித்கிளைன், நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததால் சோதனையை நிறுத்தியது. 2013இல் சிர்ட்ரிஸின் கேம்பிரிட்ஜ் அலுவலகமும் மூடப்பட்டது. இடையில் 2012 ஜனவரியில், ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி ஏராளமாக எழுதிய ஆய்வாளர் ஒருவரின் பணியில் 145 இடங்களில் தரவு புனையப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்ததாகக் கனெக்டிகட் பல்கலைக்கழகம் அறிவித்தது. அவரது கட்டுரைகளை நம்பிப் பின்தொடர்ந்த ஆய்வுகளுக்கும் இதனால் சங்கடம் நேர்ந்தது.

நேரடியாக மனிதர்களைப் பற்றிய விடை இத்தாலியின் ஒயின் நாடான கியாந்தியில் கிடைத்தது. அங்கே 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் மாற்றுவடிவங்கள் அளக்கப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் அவர்கள் கவனிக்கப்பட்டனர். அளவு அதிகமாக இருந்தவர்களும் குறைவாக இருந்தவர்களும் இறந்த விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதய நோய், புற்றுநோய் விகிதங்களிலும் இல்லை. 2014இல் இது வெளியானது. ஒயின் பக்கக் கதையும் இப்போது மாறிவிட்டது: 2023இல் உலக சுகாதார நிறுவனம் மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது.

இன்றைய நிலை

ஆய்வு நின்றுவிடவில்லை. அல்சைமர் நோயாளிகள் 119 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது. மருந்தாக அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் மூளையின் கன அளவுக் குறைவு மருந்து உட்கொண்டவர்களிடமே கூடுதலாக இருந்தது. அது நன்மையா தீமையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ரெஸ்வெரட்ரால் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அது இரத்தத் தட்டணுக்களின் செயலைப் பாதிக்கக்கூடியது.

இந்தியாவிலும் இதன் தடம் உண்டு. திராட்சையை நொதிக்கவைத்துச் செய்யப்படும் ஆயுர்வேத மருந்தான திராட்சாசவத்தில் ரெஸ்வெரட்ராலும், அதன் உறவினரான டெரோஸ்டில்பீனும் இருப்பதாக 1999இல் ஆய்வு வெளியானது. டெரோஸ்டில்பீன் வேங்கை மரத்தின் வைரத்திலும் உள்ளது. வேர்க்கடலையைப் பொறுத்தவரை, வறுத்ததைவிட அவித்ததில் ரெஸ்வெரட்ரால் பலமடங்கு அதிகம். இருந்தும் அது கிராமுக்குச் சில மைக்ரோகிராம் அளவே. கடைகளில் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை எந்தப் பழத்திலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. 1963இல் ஆராயப்பட்ட அதே ஜப்பானிய நாட்வீட்டின் வேர்தான் அவற்றின் மூலப்பொருள். திராட்சைக்குலை புட்டியின் மேலே ஒட்டிய படத்தில் மட்டும் இருக்கிறது.