ஜானகி டீச்சரும் நம்ம கிரேஸி மோகனும்

1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய நம் கிண்டி பொறியியற் கல்லூரி நாட்டுக்குத் தந்த என்ஜினீயர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் நாடகத்துக்கு யாரைத் தந்தோம் என்று கேட்டால், பட்டென்று வாயில் வரும் பெயர் 'கிரேஸி' மோகன் (1952-2019). இங்கே மெக்கானிக்கல் படித்தவர்.

பள்ளிப் பருவத்திலேயே மோகனை மேடையேற்றியவர் அவருடைய ஆசிரியை ஜானகி. கல்லூரிக்கு வந்த பின் 1972-ல், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற குறுநாடகத்தை எழுதினார். எழுத்து, நடிப்பு இரண்டுக்கும் பரிசு கிடைத்தது. கல்லூரி ஆடியன்ஸ் என்றால் லேசுப்பட்டதா? ஜோக் கொஞ்சம் சறுக்கினாலும் கூச்சல்தான்! அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவருக்கு சபா மேடை பெரிய சவாலாக இருந்திருக்காது.

1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' பெயருக்கு முன்னால் 'கிரேஸி'யை ஒட்ட வைத்தது. 1979-ல் தம்பி பாலாஜியோடு சொந்தக் குழு 'கிரேஸி கிரியேஷன்ஸ்' பிறந்தது. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்க, சினிமாக் கதவு திறந்தது. அப்புறம் அபூர்வ சகோதரர்கள் (1989), மைக்கேல் மதன காமராஜன் (1990), அவ்வை சண்முகி (1996), தெனாலி (2000), வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். (2004) என்று கமல்ஹாசனுடன் வரிசையாக வசனம். நடுநடுவே சின்னச் சின்ன வேஷங்களும் உண்டு. வசூல்ராஜாவின் மார்க்கபந்துவை மறக்க முடியுமா?

படப்பிடிப்பில் எழுத்தாளனுக்குக் கைதட்டல் கேட்காது. எந்த வரி எடுபடும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மேடைதான். சினிமாவில் புகழ் வந்த பிறகும் அவர் நாடகத்தைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம். மேலே சொன்ன படங்களில் அபூர்வ சகோதரர்கள், அவ்வை சண்முகி, தெனாலி, வசூல்ராஜா நான்கிலும் கதாநாயகியின் பெயர் ஜானகி! நாடகங்களிலும் அதே ஜானகிதான். முதன்முதலில் மேடை ஏற்றிய டீச்சருக்கு ஒரு மாணவன் காலம் முழுக்கச் செலுத்திய குருதட்சிணை அது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! செமஸ்டர், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் முக்கியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கலைவிழா மேடையை 'டைம் வேஸ்ட்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய மாணவர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை: எழுதத் தெரிந்த பையனோ பெண்ணோ கண்ணில் பட்டால், ஒரு மேடை அமைத்துக் கொடுப்போம். ஜானகி டீச்சர் செய்ததும் அவ்வளவுதானே!