போய்ச் சேராத படகு

முப்பது அடி நீளம். நாகப்பட்டினம் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். மரத்தால் ஆன உடல். முன்னால் உயரமாக ஒரு பாய்மரம், பின்னால் சற்றுக் குட்டையாக இன்னொன்று. இந்த அமைப்புள்ள படகைக் கெட்ச் என்கிறார்கள். நான்கு பேர் நெருக்கியடித்துத் தூங்கலாம்.

பெயர் கோல்டன் ரூல். பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ, அதையே நீ பிறருக்குச் செய் என்ற பழைய நெறிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். 1958இல் அமெரிக்கா தன் அணுகுண்டுகளை வெடித்துப் பார்க்கப் பசிபிக் கடலில் வளைத்துப் போட்டிருந்த பகுதிக்குள் இந்தப் படகு போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். குண்டைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. போகிறவர்களுக்கும் அது தெரியும். வெடிக்கிற இடத்தில் மனித உயிர்கள் இருக்கின்றன என்று காட்டுவதற்காகவே போனார்கள்.

அந்த யோசனை கடலில் பிறந்ததல்ல. அது பிறந்தது ஒரு கூடத்தில்.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூட்டம் ஒன்றுக்குள் முதல் முறை நுழைகிறவருக்கு, நேரம் தவறி வந்துவிட்டோமோ என்று தோன்றும். பலிபீடம் இல்லை, சிலுவை இல்லை, பிரசங்கம் செய்ய ஆள் இல்லை. ஒன்றையொன்று பார்த்தபடி மரப் பெஞ்சுகள். ஆட்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதோ உந்தினால் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். அதற்கு யாரும் மறுமொழி சொல்வதில்லை, மௌனம் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் போனதும் மூத்தவர் இருவர் கைகுலுக்குவார்கள். கூட்டம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு தேநீர், குசலம், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற விசாரிப்பு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஒருவரையொருவர் 'நண்பர்' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

இந்த மௌனத்தை அரசு சும்மா விடவில்லை. அரசுத் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடுவதே குற்றம் என்று சட்டம் வந்தது. லண்டனில் 1670இல் கிரேஸ்சர்ச் தெருக் கூடத்தின் வாசலைச் சிப்பாய்கள் அடைத்தபோது, நண்பர்கள் கலைந்து போகாமல் தெருவிலேயே கூட்டத்தை நடத்தினார்கள். அங்கே கைதானவர்களில் குவேக்கர் முன்னோடி வில்லியம் பென் ஒருவர். பிரிஸ்டலில் 1682இல் நடந்ததுதான் என் மனத்தை விட்டு அகலாதது. பெரியவர்கள் எல்லோரையும் பிடித்துச் சிறையில் போட்டாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு ஆளில்லை என்று அதிகாரிகள் நினைத்திருப்பார்கள். பிள்ளைகள் வந்தார்கள். பெற்றோர் இருந்த இடத்தில் அதே மாதிரி மௌனமாக இருந்தார்கள். அடித்தும் மிரட்டியும் பார்த்தார்கள், பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை.

கூடத்தை அடைத்தால் தெரு, தெருவிலும் பிடித்தால் பிள்ளைகள். சாட்சி சொல்வது என்று குவேக்கர்கள் சொல்வதற்கு இதுதான் பொருள்: எங்கே இருக்க வேண்டுமோ அங்கே உடம்போடு போய் இருப்பது. பேச்சு அப்புறம்.

இனி, கோல்டன் ரூலைச் செலுத்திய ஆல்பர்ட் பிகெலோ. 1906இல் பிறந்தவர், கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் கப்பல் தளபதி. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அவர் தம் போர்க்கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தார், கப்பல் ஹவாயின் பேர்ல் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஹிரோஷிமாச் செய்தி அப்போதுதான் வந்தது. போர் என்பதே இனி ஆகாது என்று அன்றைக்கே தமக்குப் பட்டதாகப் பின்னாளில் எழுதினார். ஆனால் படுவது ஒன்று, அதன்படி நடப்பது ஒன்று. அந்த மனிதர் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1952இல், ஓய்வூதியத் தகுதி கிடைக்க ஒரு மாதமே இருந்த நிலையில், கடற்படை ரிசர்விலிருந்து விலகினார். 1955இல் குவேக்கர் ஆனார். அதே காலத்தில், குண்டில் முகமும் கையும் வெந்துபோய் அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா வந்த ஹிரோஷிமாப் பெண்களில் இருவரை அவர் குடும்பம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது. தம்மை எதிரியாக நினைக்க எல்லாக் காரணமும் உள்ளவர்கள் தம் சாப்பாட்டு மேசையில் பகையின் சுவடே இல்லாமல் இருந்ததுதான் அவரை மாற்றியது.

அதற்குள் உலகம் இன்னொன்றையும் பார்த்துவிட்டது. 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் வலிமை 15 மெகாடன், கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு. காற்றோடு போன சாம்பல் மார்ஷல் தீவு மக்கள் மேலும், எச்சரித்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் மேலும் விழுந்தது. வெள்ளைத் தூளாக விழுந்ததை அந்த மீனவர்கள் வெறுங்கையால் வாரிக் கொட்டினார்கள். வானொலி இயக்குபவர் குபோயாமா ஆறரை மாதத்தில் இறந்தார்.

1958 ஜனவரியில் பிகெலோவும் துணைவர்களும் அதிபர் ஐசனோவருக்குக் கடிதம் எழுதினார்கள். எந்தப் படகில், எங்கே, எதற்காகப் போகிறோம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ரகசியம் கிடையாது. இந்த முறை நமக்குப் பழக்கமானது. உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னால், 1930 மார்ச் 2ஆம் தேதியிட்டு வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதமும் இப்படித்தான், செய்யப்போவதைச் சொல்லிவிட்டே செய்தது. அந்தக் கடிதத்தை ஆசிரமத்திலிருந்து டெல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். அவர் ஒரு குவேக்கர். சபர்மதிக்கும் கோல்டன் ரூலுக்கும் நடுவே ஓடும் இழை, தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு மெல்லியதல்ல.

பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவிலிருந்து கிளம்பிய படகைப் புயல் திருப்பி அனுப்பியது. மார்ச் 25ஆம் தேதி மறுபடி கிளம்பினார்கள். பிகெலோ, வில்லியம் ஹன்டிங்டன், ஜார்ஜ் வில்லோபி, ஓரியன் ஷெர்வுட் என நால்வர். படகு நடுக்கடலில் இருக்கும்போதே, ஏப்ரல் 11ஆம் தேதி, அமெரிக்க அணுசக்தி ஆணையம் அவசரமாக ஒரு விதி கொண்டுவந்தது. மார்ஷல் தீவுகளில் சோதனை நடந்த எனிவெடோக் பவளத்தீவைச் சுற்றி 3,90,000 சதுர மைல் கடலுக்குள் எந்த அமெரிக்கரும் நுழையக் கூடாது. தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் பரப்பு. எவருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல் அது. நான்கு பேருக்காக ஒரு வல்லரசு கடலையே சட்டம் போட்டு மூடியது.

ஏப்ரல் 19ஆம் தேதி ஹவாயின் ஹொனலுலு. நீதிமன்றம் போகக் கூடாது என்று தடை விதித்தது. மே 1ஆம் தேதி போனார்கள். கரையிலிருந்து சில மைல் தாண்டுவதற்குள் கடலோரக் காவல் கப்பல் மறித்தது. திரும்பி வந்தார்கள், விசாரணை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஜூன் 4ஆம் தேதி மறுபடி கிளம்ப ஆயத்தமானபோது பிகெலோவைக் கரையிலேயே பிடித்துவிட்டார்கள். ஹன்டிங்டன் சுக்கானைப் பிடிக்க, ஜேம்ஸ் பெக் என்பவர் புதிதாக ஏறிக்கொள்ள, படகு புறப்பட்டது. மறுபடியும் மறித்தார்கள். இந்த முறை அறுபது நாள் சிறை.

எந்தத் தீவில் ஹிரோஷிமாச் செய்தியைத் தளபதியாகக் கேட்டாரோ அதே தீவில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பிகெலோ கைதியாக இருந்தார். படகு துறையில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. இதோடு கதை முடிந்தது என்று பத்திரிகை படித்தவர்கள் நினைத்திருக்கலாம்.

அதே துறைமுகத்தில் இன்னொரு கெட்ச் நின்றிருந்தது. பெயர் ஃபீனிக்ஸ், ஐம்பது அடி, ஜப்பானில் கட்டியது. சொந்தக்காரர் ஏர்ல் ரெனால்ட்ஸ் என்ற மானிடவியலாளர். குண்டுக்குப் பின் ஹிரோஷிமாக் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய அரசே அவரை 1951இல் அங்கே அனுப்பியிருந்தது. வேலை முடிந்து மனைவி பார்பரா, பிள்ளைகள், ஜப்பானிய நண்பர் நீச்சி மிகாமி ஆகியோருடன் உலகைச் சுற்றிக்கொண்டு ஹவாய்க்கு வந்து சேர்ந்த நேரம். எதிர்ப்பு, போராட்டம் எதிலும் ஈடுபட்ட குடும்பமல்ல. கோல்டன் ரூல்காரர்களைச் சந்தித்தார்கள், நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து கேட்டார்கள். குண்டு குழந்தைகளின் உடம்பில் செய்ததை அளந்து எழுதியவருக்குக் கேட்டதைக் கேட்காததுபோல் இருக்க முடியவில்லை. ஜூலை 1ஆம் தேதி ஃபீனிக்ஸ் தடைப் பகுதிக்குள் நுழைந்தது. அறுபத்தைந்து மைல் உள்ளே போன பிறகே பிடித்தார்கள். கோல்டன் ரூல் போய்ச் சேராத இடத்துக்கு ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்தது. பார்பரா பின்னர் குவேக்கராகி, 1965இல் ஹிரோஷிமாவில் உலக நட்பு மையத்தைத் தொடங்கினார்.

தரையிலும் மௌனம் பரவியது. மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் கிருமி ஆயுத ஆராய்ச்சி நடந்த இடத்தின் வாசலில் 1959 ஜூலையிலிருந்து குவேக்கர்களும் மற்றவர்களும் நின்றார்கள். கோஷம் இல்லை, மறியல் இல்லை. உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் காலையும் மாலையும் அவர்களைக் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். ஒன்றே முக்கால் ஆண்டு நீடித்தது. 1960 நவம்பரில், குவேக்கர்கள் தங்கள் அமைதிப் பிரகடனத்தின் 300ஆம் ஆண்டையொட்டி, ஆயிரம் பேருக்கு மேல் பென்டகனைச் சுற்றி மௌனமாக நின்றார்கள். 1962இல் நம் ராஜாஜியும் இதே கவலையோடு கடல் கடந்தார். 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் போய், சோதனைகளை நிறுத்தச் சொல்லி அதிபர் கென்னடியிடம் நேரில் கேட்டார். அடுத்த ஆண்டு, காற்றிலும் கடலிலும் சோதிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. படகு பாதி, மௌனம் பாதி என்று பங்கு பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. பல ஆயிரம் பேரின் அச்சமும் அக்கறையும் சேர்ந்து உண்டாக்கியது அது.

கோல்டன் ரூலின் நினைவு எதிர்பாராத கரையில் ஒதுங்கியது. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நிலத்தடியில் குண்டு வெடிக்க அமெரிக்கா ஏற்பாடு செய்தபோது, கனடாவின் வான்கூவரில் சிலர் என்ன செய்வதென்று திகைத்திருந்தார்கள். ஒரு படகில் அங்கே போனால் என்ன என்று 1970இல் மேரி போலன் கேட்டார். அவருக்குக் கோல்டன் ரூல் கதை தெரியும். அந்தக் குழுவில் இருந்த இர்விங், டோரதி ஸ்டோ தம்பதியர் குவேக்கர்கள். 1971 செப்டம்பரில் ஃபிலிஸ் கார்மேக் என்ற பழைய மீன்பிடிப் படகு கிளம்பியது. அதையும் மறித்தார்கள், அதுவும் போய்ச் சேரவில்லை, குண்டும் வெடித்தது. ஆனால் அம்சிட்காவில் அதற்குப் பிறகு எதுவும் வெடிக்கவில்லை. அந்தப் பயணத்திலிருந்துதான் கிரீன்பீஸ் இயக்கம் பிறந்தது.

இதற்கிடையில் அசல் படகு விற்கப்பட்டு, பல கை மாறி, யாருடையதோ ஆகிப்போனது. 2010இல் வடக்குக் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில், காற்றடித்த ஓர் இரவில் கட்டிய இடத்திலேயே மூழ்கியது. அதே ஆண்டு அதே மாநிலத்தில் ஓர் ஆற்றில் ஃபீனிக்ஸும் மூழ்கியது. ஹொனலுலுத் துறையில் அருகருகே நின்ற இரண்டும் ஒரே ஆண்டில் தண்ணீருக்குள் போனதைப் படித்தபோது சிறிது நேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

கோல்டன் ரூலைத் தூக்கிக் கரையில் போட்டபோது அது வெறும் சிதிலம். விறகாக்கி எரித்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. அது எந்தப் படகு என்று தெரியவந்ததும், அமைதிக்கான முன்னாள் படைவீரர்கள் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போர் பார்த்த கைகள். ஐந்து ஆண்டுகள் கூடி உழைத்து, இற்றுப்போன பலகைகளைப் பெயர்த்துப் புதியவை அறைந்து, 2015 ஜூனில் மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். செந்நிறப் பாயில் பெரிதாக அமைதிச் சின்னம்.

2022 இலையுதிர் காலத்தில் மினியாபொலிஸிலிருந்து மிசிசிப்பி ஆற்று வழியே இறங்கி, ஹவானா போய், கிழக்குக் கரையோரமாக ஏறி, பேரேரிகள் வழியாகச் சிகாகோ வரை ஒரு பெருஞ்சுற்று வந்தது. ஊருக்கு ஊர் துறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஆளுக்கொன்றாகச் சமைத்து எடுத்துவந்து சேர்ந்து சாப்பிடும் கூட்டங்கள், பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் காட்டுவது, சுக்கானைத் தொட்டுப் பார்ப்பது.

ஆனால் அது முதலில் போகக் கிளம்பிய இடத்துக்கு அந்தச் சுற்றிலும் போகவில்லை. 2019இல் ஹவாய் வரை போனது. அடுத்து மார்ஷல் தீவுகள், பிறகு 75ஆம் நினைவு நாளுக்கு ஹிரோஷிமா என்றிருந்த திட்டத்தைக் கொரோனா நிறுத்தியது. எனிவெடோக்கின் ருனிட் என்ற சிறு தீவில் ஒரு கான்கிரீட் குவிமாடம் இருக்கிறது. சோதனைகளின் கதிரியக்க மண்ணை ஒரு குழியில் கொட்டி மேலே போட்ட ஒன்றரை அடிக் கனமுள்ள மூடி. அந்தக் குழியைத் தோண்டிய குண்டு வெடித்தது 1958 மே மாத முதல் வாரத்தில். மே 1ஆம் தேதி ஹொனலுலுவுக்கு வெளியே நான்கு பேரைத் திருப்பி அழைத்து வந்து ஐந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.