திரையில் கேட்ட பாடல்கள்: இண்டிபாப் காலத்தின் நினைவும் உடைமையும்

தொண்ணூறுகளில் இளமையைக் கழித்தோர் தமக்குப் பிடித்த பாடல்களை நினைவுகூரும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. லக்கி அலியின் ‘ஓ சனம்’ (1996) என்றதும் பலருக்கு முதலில் எழுவது மெட்டன்று, எகிப்தின் பிரமிடுகள். அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ (1995) என்றதும் பெட்டிக்குள்ளிருந்து வெளிப்படும் மிலிந்த் சோமன். காதால் கேட்ட பாடலைக் கண்ணால் நினைவில் இருத்திய தலைமுறை இது. அந்நினைவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள விழைவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவர்களுக்குச் சற்று மூத்தோரின் நினைவு வேறு வகையானது. ‘குர்பானி’ (1980) படத்தில் ஒரே பாடலால் புகழ்பெற்ற பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசன், மறு ஆண்டே தம்பி ஜோஹெபுடன் ‘டிஸ்கோ தீவானே’ தொகுப்பை வெளியிட்டார். இசையமைத்தவர் பெங்களூரில் பிறந்து லண்டனில் பெயர்பெற்ற பித்து. திரைப்படத்தைச் சாராத அப்பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வீடுகளுக்குள் நுழைந்தன. ஒலிநாடா எவ்வாறு பெருநிறுவன ஏகபோகத்தைத் தகர்த்தது என்பதைப் பீட்டர் மானுவலின் ‘கேசட் கல்ச்சர்’ (1993) விரிவாகவே ஆராய்ந்துள்ளது. அந்நூல் வெளிவந்த வேளையில் களம் மீண்டும் மாறத் தொடங்கியிருந்தது என்பது சுவையான முரண்.

1991இல் ஸ்டார் தொலைக்காட்சியின் வழியே எம்டிவி இந்தியாவை எட்டியது. 1994இல் அது விலகிக்கொள்ள, அவ்விடத்தைச் சேனல் வி நிரப்பியது. 1996இல் எம்டிவி தனி அலைவரிசையாகத் திரும்பியது. நாள் முழுவதும் பாடல் காட்ட வேண்டிய அலைவரிசைகளுக்குக் காணொளி தேவைப்பட்டது. இசைத்தட்டு நிறுவனங்களுக்கு விளம்பரம் தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில்தான் தலேர் மெஹந்தியின் ‘போலோ தா ரா ரா’வும் (1995), ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் இணைந்த ‘கலோனியல் கசின்ஸ்’ஸும் (1996) செழித்தன. இளைஞரின் தன்னெழுச்சியாக நினைவில் நிற்பதன் அடியில் இத்தகைய வணிக ஏற்பாடு இருந்தது. அதனால் அந்த இன்பம் பொய்யாகிவிடாது. எனினும், “எல்லோரும் கேட்டோம்” என்னும் கூற்றிலுள்ள ‘எல்லோரும்’ யார் என்று வினவாமல் இருக்க இயலாது. கேபிள் இணைப்புள்ள நகர்ப்புற வீட்டின் நினைவு, நாட்டின் நினைவாக எளிதில் வேடம் புனைந்துகொள்கிறது.

தமிழில் இவ்வாறான தனிவெளி வலுவாக உருவாகவில்லை. ‘காதலன்’ (1994) போன்ற படங்களின் பாடல்களிலேயே ராப்பும் நடன இசையும் இடம்பிடித்துவிட்டன. பாப் இசை வேண்டியவர் திரையரங்குக்கு வெளியே செல்ல நேரவில்லை. இந்தியிலும் இறுதியில் அதுவே நிகழ்ந்தது, சற்றுத் தாமதமாக. தலேர் மெஹந்தி ‘மிருத்யுதாதா’வில் (1997) அமிதாப் பச்சனுடன் தோன்றினார். லக்கி அலி ‘கஹோ நா பியார் ஹை’யில் (2000) ஹிருத்திக் ரோஷனுக்குப் பின்னணி பாடினார். அலிஷாவின் பெயரை அடுத்து வந்த இளையோர் ‘கஜ்ரா ரே’ (2005) வழியாகவே அறிந்தனர். 2002இல் ‘காண்டா லகா’ வந்தபோது, பழைய திரைப்பாடலொன்று மறுகலவை செய்யப்பட்டுப் பாப் காணொளியின் உடையை அணிந்திருந்தது. திரைப்படத்துக்கு மாற்றாகப் பிறந்த வடிவம் திரைப்படத்தின் பழஞ்சரக்கை விற்கும் கடையாயிற்று. அம்மாற்றத்தை வெறும் ரசனை வீழ்ச்சியாகக் காண்பது எளிது. ஆனால் நிறுவனங்களிடம் ஏற்கெனவே குவிந்திருந்த உரிமைகளின் இருப்பைப் பயன்படுத்துவது, புதிய பாடகரை உருவாக்குவதைவிட மலிவானது என்பதே அதன் கணக்கு.

அக்கணக்கு பின்னர் இண்டிபாப் பாடல்களின் மேலேயே திரும்பியது. ஃபால்குனி பாடக்கின் ‘மைனே பாயல் ஹை சன்காயீ’ (1999) பள்ளிக் கலைவிழாக்களில் ஆடி வளர்ந்த ஒரு தலைமுறையின் பாடல். 2022இல் அதன் மறு ஆக்கம் வெளியானபோது ரசிகர்கள் கொதித்தனர். ஃபால்குனியும் தம் வருத்தத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். வழக்குத் தொடுக்க அவருக்கு வழியில்லை. பாடலின் உரிமை அவரிடம் இருக்கவில்லை.