கள்ளிப்பெட்டியின் மறுபிறவி

நாற்காலியின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் தேக்கும் கருங்காலியும்தாம் முதலில் வந்து நிற்கும். சரக்கை இறக்கியபின் விறகாகிப்போகும் கள்ளிப்பெட்டிக்கு அவ்வேடுகளில் இடம் அரிது. அதற்கோர் இடம் தேடித்தந்த பெண்மணி ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

லூயிஸ் பிரிகம் அமெரிக்கர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் இரு கோடைகளைக் கழித்தார். மரம் வளராத மண் அது. வேண்டிய பொருள்களெல்லாம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தன. அப்பெட்டிகளின் பலகைகளைக் கொண்டே அவர் வீட்டுக்கு வேண்டிய மரச்சாமான்களைச் செய்தார். அந்த அனுபவத்தின் பயனாக, வீட்டுக்குப் பயன்படும் நூறு பொருள்களின் செய்முறையை விளக்கும் அவரது 'பெட்டி மரச்சாமான்கள்' என்னும் ஆங்கில நூல் 1909இல் நியூயார்க்கில் வெளிவந்தது. எளிய குடும்பத்தினரும் சில கருவிகளோடு தாமே செய்துகொள்ளலாம் என்பதே அதன் நோக்கம். 1910களில் அந்நகரின் கிரேசி மாளிகையில் அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு இத்தொழில் கற்பிக்கவும் அவர் வழிசெய்தார். 1942 முதல் நகர மேயரின் இல்லமாகியிருப்பது அம்மாளிகையே.

பின்னர் வந்தோரின் புகழ் பெரிது. டச்சுக் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் 1934இல் பெட்டிப் பலகை நாற்காலியை வடிவமைத்தார். அமெரிக்காவின் ஃபிராங்க் கெரி 1972இல் நெளியட்டைகளை அடுக்கி ஒட்டி, அலைபோல் வளைந்த நாற்காலியை உருவாக்கினார். இருவருமே மலிவான இருக்கையை நாடியவர்கள். ஆயினும் ரீட்வெல்டின் பலகையும் கெரியின் அட்டையும் எந்தச் சரக்கையும் சுமந்தவையல்ல, புதிதாக வாங்கப்பட்டவை. கெரியின் நாற்காலி இன்று விலையுயர்ந்த பொருளாக விற்கப்படுகிறது, அருங்காட்சியகங்களிலும் வீற்றிருக்கிறது.

பிரிகமின் பெட்டிகளோ மெய்யாகவே உழைத்து ஓய்ந்தவை. அவற்றை மீண்டும் வேலைக்கு அழைத்தவரை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. கழிவின் சாயலைக் கலையென்று போற்றும் நாம், கழிவையே கையிலெடுத்து உளியால் செதுக்கியவரை வறுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் குவியும் இந்நாளில், அக்கணக்கைத் திருத்தி எழுதுவது நம் கடன் எனக் கருதுகிறோம்.