டேர்பன் ரயிலில் ஏறி வன்னியில் இறங்கிய பள்ளி

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரக் குடியேற்றங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘காந்தியம்’ பாலர் பள்ளி தெரிந்த விஷயம். ஒரு கொட்டில், சுற்றிலும் பயிர், பாட்டுச் சொல்லித்தரும் ஒரு அக்கா. பண்ணையும் பள்ளியும் ஒன்றாயிருக்கும் இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால் 1860ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு ஜோன் ரஸ்கின் என்ற கலை விமர்சகர், கோர்ன்ஹில் சஞ்சிகையில் பொருளாதாரம் பற்றி எழுதத் தொடங்கினார். உழைப்புக்கு மதிப்புக் கொடு என்பதுதான் சாரம். வாசகர்கள் கொதித்தார்கள். ஆசிரியர் தாக்கரே நான்கு கட்டுரைகளோடு தொடரை முடித்துவிட்டார். கடைசிக் கட்டுரை வந்த அதே நவம்பரில், சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டாலின் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை டேர்பனில் இறக்கியது. அந்தக் கட்டுரைகளும் தென்னாபிரிக்கத் தமிழர்களும் சந்திக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆகும்.

1904இல் ஜொஹனஸ்பேர்க்கில் ரயிலேறிய காந்தியின் கையில், வழித்துணைக்கென்று நண்பர் ஹென்றி போலக் ஒரு நூலைக் கொடுத்தார். ரஸ்கினின் அதே நான்கு கட்டுரைகள். டேர்பன் போய்ச் சேரும்வரை காந்தி உறங்கவில்லை. அவ்வாண்டே பீனிக்ஸ் பண்ணைக் குடியேற்றம் பிறந்தது.

1910இல் கலன்பாக் என்ற கட்டடக்கலைஞர் தமது 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதுதான் டொல்ஸ்டோய் பண்ணை. கலன்பாக் ஒரு கத்தோலிக்கத் துறவிமடத்தில் செருப்புத் தைக்கப் பழகி வந்து மற்றவர்களுக்கும் பழக்கினார். பிள்ளைகள் காலையில் தோட்டத்தில் நின்று, பிற்பகலில் படித்தார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியேதான்! கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் கைநூலை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழ் அது.

பிறகு பண்ணையோடு பள்ளி என்ற இந்த யோசனை இந்தியாவுக்குப் போனது. 1937இல் வார்தாவில் அதுவே கைத்தொழில்வழிக் கல்வித் திட்டமாயிற்று. ரஸ்கின் நூலின் குஜராத்தி வடிவத்துக்குக் காந்தி வைத்த ‘சர்வோதயம்’ என்ற பெயரை 1958இல் கொழும்பில் தொடங்கிய ஆரியரத்னவின் இயக்கம் எடுத்துக்கொண்டது.

வன்னிக்கு இந்தப் பண்ணைப் பள்ளியைக் கொண்டுவந்தவரும் ஒரு கட்டடக்கலைஞர்தான். டேவிட் ஐயா கரம்பனில் பிறந்து, மெல்பேர்ணில் படித்து, கென்யாவின் மொம்பாசாவில் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர். அந்த வாழ்க்கையை விட்டு வந்து, 1970களின் நடுவில் வைத்தியர் இராஜசுந்தரத்துடன் வவுனியாவைத் தளமாக்கிக் காந்தியத்தைத் தொடங்கினார். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இங்கே காணியும் கிணறும் பள்ளியும் தேடிக்கொடுத்தார்கள். இளம்பெண்களைப் பயிற்றி ஆசிரியைகளாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களும் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் ஒரே தமிழகத்து ஏழைக் கிராமங்களிலிருந்து கிளம்பியவர்கள். இரண்டு கண்டங்களில் ஒரே மக்களை ஒரே வகைப் பள்ளி தேடி வந்ததை நான் வன்னி வரலாற்றின் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் ஐயா, அவ்வாண்டு செப்டெம்பர் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறித் தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் தனியே வாழ்ந்தார். முதுமையில் ஊர் திரும்பி, 2015 ஒக்டோபர் 11 அன்று கிளிநொச்சியில் தமது 91ஆவது வயதில் காலமானார்.

நம் ஊர் வரலாறுகள் பெரிய கல்லூரிகளையும் அதிபர் வரிசையையும் எழுதி நின்றுவிடுகின்றன. கொட்டில்களில் படிப்பித்த அந்த அக்காமார் இன்று அம்மம்மாக்கள். அவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.