ஒரு சித்ரோயன் கைமாறிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் காலமான நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். "மாமா, அப்பாவோட காரை விக்கப்போறேன். பேப்பரெல்லாம் பிரெஞ்சுல இருக்கு. படிச்சுச் சொல்லணும்" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்த வயதில் மிஞ்சியிருக்கும் உத்தியோகம் இதுதான். பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, பாகப்பத்திரம் என்று யாராவது கொண்டுவருவார்கள். காருக்காக வந்தது அதுவே முதல் தடவை.

அந்தக் கறுப்பு சித்ரோயனைச் சிறுவயதிலேயே எனக்குத் தெரியும். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபின் ஊரைவிட்டுப் புறப்பட்ட வெள்ளைக்காரர் ஒருவரிடம் நண்பரின் தகப்பனார் வாங்கியது. கார்த் கிரீஸ், அதாவது வண்டியின் பதிவுச் சீட்டு, மடிப்பில் கிழிந்து போயிருந்தது. 1951-ல் முதன்முதலாகச் சாலைக்கு வந்த 11 பி.எல். வகை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

இந்த வண்டியின் பெயரே 'த்ராக்சியோன் அவான்'. முன்னாலிருந்து இழுப்பது என்று பொருள். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் தள்ளி ஓடியவை. இது முன்சக்கரம் இழுத்து ஓடியது. 1934-ல் வெளிவந்தபோது இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. வடிவம் கொடுத்தவர் பெர்தோனி என்ற இத்தாலியச் சிற்பி. தானே கியர் மாறும் பெட்டி வைக்கத்தான் முதலில் திட்டம். அது சரிப்படாமல், கடைசி நேரத்தில் அவசரமாக மூன்று கியர் பெட்டி செய்தார்கள். இந்தக் காருக்கும் புதிய தொழிற்சாலைக்கும் கொட்டிய பணத்தில் அந்த வருட முடிவிலேயே கம்பெனி திவாலாகி, மிஷ்லேன் டயர் கம்பெனியின் கைக்குப் போனது. அந்திரே சித்ரோயன் 1935 ஜூலையில் இறந்துபோனார். கார் மட்டும் 1957 வரை வந்துகொண்டிருந்தது, ஏழரை லட்சத்துக்கும் மேல். யுத்த காலத்தில் இதே காரில் ஜெர்மானியரின் கெஸ்டாபோவும் போனது, அவர்களை எதிர்த்தவர்களும் போனார்கள்.

நம் ஊர்க் காருக்கு வருகிறேன். நண்பர் ஓய்வு பெற்றபின் பத்து வருடம் அதோடுதான் வாழ்ந்தார். ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டு ஆக்கினார். வோல்ட் இரட்டித்தால் ஆம்பியர் பாதியாகிவிடும். ஆகவே பழைய தடித்த ஒயர்களே தாராளமாகப் போதும் என்று எனக்குப் பாடம் வேறு நடத்துவார். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர், நம் சித்திரை வெயிலுக்கு ஒரு மின்விசிறி, மூன்று கியருக்குப் பதில் பிற்காலத்து ஐ.டி. 19 சித்ரோயனின் நாலு கியர் பெட்டி. ஒவ்வொன்றும் பிரான்சிலுள்ள உறவுக்காரர்கள் மூலம் வந்தது. கழற்றிய சாமான் ஒன்றையும் அவர் எறியவில்லை. எண்ணெய் பூசி, சாக்கில் கட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். வீட்டுக்காரம்மா அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட இரண்டு முறை முயன்றது தெருவுக்கே தெரியும்.

வாங்க இருவர் வந்தார்கள். ஒருவர் சென்னைக்காரர், விண்டேஜ் பதிவு வேண்டும் என்றவர். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை அப்படிப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் இருக்கக் கூடாது; அன்றாடம் ஓட்டவும் முடியாது. மற்றவர் கோயம்புத்தூர்க்காரர். அவருக்குக் குடும்பத்தோடு ஊட்டிக்கு ஓட்டிப் போக வேண்டும்.

ஆர்.சி. புக்கையும் எஞ்சினில் அடித்திருந்த தகட்டையும் நான் ஒத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த கண் சும்மா இருக்குமா? எண் வேறு. தகட்டில் '11 டி' என்றிருந்தது. அந்த எஞ்சின் 1955-ல்தான் வந்தது. 1951 வண்டியில் பிறவியிலேயே இருக்க முடியாது. பழைய மெக்கானிக்கைப் பிடித்து விசாரித்தால், அறுபதுகளில் பிளாக் வெடித்து வேறு எஞ்சின் போட்டது தெரியவந்தது. ஆர்.சி.யில் யாரும் ஏற்றவில்லை.

"யாரு மாமா குனிஞ்சு பாக்கப்போறாங்க? அந்தச் சென்னைக்காரர் கேட்ட விலைய தர்றேங்கிறார்" என்றான் பையன். எனக்குக் கோபம் வந்தது. கியர் பெட்டியையும் டைனமோவையும் மாற்றியதை அவன் அப்பா யாரிடமும் மறைத்ததில்லை, சாக்கே சாட்சி. எஞ்சின் விஷயத்தை மறைத்தால், வாங்குகிறவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பொய்யராக நிற்பார். அதைச் சொன்னேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை. பிறகு எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற அவனே எழுதிப் போட்டான். அதற்கு எத்தனை நடை நடந்தான் என்பது தனிக்கதை.

மாற்றியது என்ன, பழையது எங்கே என்று ஒரு முழுத்தாளில் எழுதி இருவருக்கும் அனுப்பினோம். சென்னைக்காரர் நன்றி சொல்லி விலகிக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரர் விலையில் கால்பங்கு குறைத்துக் கேட்டார். சாக்கைப் பார்த்தபின் அதில் பாதியை ஏற்றிக் கொடுத்தார்.

வண்டியை லாரியில் ஏற்றிய அன்று பழைய கியர் பெட்டியை மாடிப்படியடியிலிருந்து மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். நான் தொட்டது பேருக்குத்தான். கார்த் கிரீஸின் நகல் ஒன்று மட்டும் என் மேசை அறையில் இருக்கிறது.