துகள் சோதனைகளின் தரவு சேகரிப்பு அமைப்பு: கணினி மாதிரியின் வரலாறு

துகள் இயற்பியல் சோதனையில் உணர்கருவி தரும் மின்துடிப்புகளை வாங்கி, வேண்டியதைத் தெரிந்தெடுத்து, நேரம் குறித்து, கணினியில் எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்குத் தரவு சேகரிப்பு அமைப்பு என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் 'டாக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். அது எவ்வளவு வேகம் தாங்கும், எங்கே தேங்கும், எத்தனை நிகழ்வுகளைத் தவறவிடும் என்பதைப் பலகைகள் வாங்குமுன்பே கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் அதன் கணினி மாதிரி. கருவியைக் கடந்த துகள் எழுதப்படாமல் போய்விட்டால் பிறகு எந்த ஆய்வாளராலும் அதை மீட்க முடியாது. அதனால் இந்தத் துறையில் பிடித்ததன் கணக்கைப் போலவே விட்டதன் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஊட்டியிலும் மதுரையிலும் இருக்கின்றன.

அடிப்படையைப் புரிந்துகொள்ள நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையமே போதும். ஒரு நடத்துநர் கீழே நின்று டிக்கெட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பத்து நொடிக்கு ஒருவர் வருகிறார். ஒரு டிக்கெட்டுக்கு எட்டு நொடி ஆகிறது. கணக்குப்படி அவருக்கு ஓய்வுகூட மிஞ்ச வேண்டும். ஆனால் ஆட்கள் அளந்து வைத்தாற்போல் வருவதில்லை. களியக்காவிளை வண்டி வந்து நின்றதும் நாலுபேர் சேர்ந்து ஓடிவருவார்கள், பிறகு அரை நிமிடம் யாரும் இருக்கமாட்டார்கள். இப்படித் தற்செயலாக வருகிறவர்களுக்கு வரிசையின் சராசரி நீளம் 1.6 ஆள். இப்போது டிக்கெட்டுக்கு ஒன்பதரை நொடி ஆகட்டும். கூடியது ஒன்றரை நொடிதான்; வரிசையோ 9 ஆளாக நீண்டுவிடும். நடத்துநருக்குப் பதில் மின்னணுப் பலகை, ஆட்களுக்குப் பதில் துகள்கள், வரிசை நிற்கும் இடத்துக்குப் பதில் பஃபர் என்னும் தற்காலிக நினைவகம் என்று மாற்றிக்கொண்டால் அதுவே தரவு சேகரிப்பு அமைப்பு. வேறுபாடு ஒன்றுதான்: பேருந்து நிலையத்தில் இடமில்லாவிட்டால் ஆள் வெளியே நிற்பார், பஃபர் நிரம்பியபின் வரும் துகள் போனது போனதுதான்.

இந்த வரிசைக் கணக்கு இயற்பியலில் பிறந்ததல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங், அழைப்புகள் தற்செயலாக வருவதைப் பற்றி 1909-இல் எழுதிய கட்டுரை அதன் தொடக்கம். துகள் ஆய்வாளர்கள் இதே சிக்கலைத் தங்கள் எண்ணிகளில் சந்தித்தார்கள். 1928-இல் வந்த கைகர்-முல்லர் எண்ணி ஒரு துகளைப் பதிந்ததும் பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவுக்குக் குருடாகிவிடும். இந்தச் செயலற்ற நேரம் இரண்டு வகை. ஒன்றில், அந்த நேரத்தில் வரும் துகள் கணக்கில் சேராது, அவ்வளவே. மற்றதில், அப்போது வரும் துகள் குருட்டு நேரத்தை இன்னும் நீட்டிவிடும். இரண்டாம் வகை ஆபத்தானது. துகள்கள் ஓர் எல்லைக்கு மேல் கூடக்கூட எண்ணிக்கை குறைவாகக் காட்டும். பெருமழையை வறட்சி என்று சொல்வதைப் போல. 1930-இல் புருனோ ரோசி, பல எண்ணிகள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் பதியும் சுற்றைச் செய்தார். எதை எழுதுவது என்று தெரிந்தெடுக்கும் இன்றைய டிரிகர் சுற்றுகள் எல்லாவற்றுக்கும் மூதாதை அது. தற்செயலாக ஒன்றுசேரும் பொய்த்துடிப்புகள் எத்தனை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வந்தது.

காகிதத்தில் போட்ட கணக்கு கணினிக்கு மாற வழிசெய்தது மான்டி கார்லோ முறை. அதுபற்றிய மெட்ரோபொலிஸ், உலாம் கட்டுரை 1949-இல் வந்தது. தற்செயல் எண்களை உருட்டி, நடக்கக்கூடியதை ஆயிரம் தடவை நடத்திப் பார்ப்பது அதன் வழி. 1960-களில் ஐபிஎம்மின் ஜிபிஎஸ்எஸ், நார்வேயின் சிமுலா ஆகியவை 'இந்த நேரத்தில் இது நடந்தது, அதனால் அடுத்து அது நடக்கும்' என்று நிகழ்வுகளை அடுக்கி ஓட்டும் மொழிகளாக வந்தன. இந்தத் துறையின் வேலைக்கருவிகள் இவற்றின் வழிவந்தவை.

இந்தியாவில் கதை சுரங்கத்துக்குள் தொடங்குகிறது. கோலார் தங்கவயலில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்திய சோதனை, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-இல் கண்டது. நியான் குழாய்கள் பளிச்சிடுவதைக் கேமரா படம்பிடிக்கும். அந்தப் படச்சுருள்தான் அன்றைய தரவு சேகரிப்பு. மாதக்கணக்கில் காத்திருந்து விரல்விட்டு எண்ணும் இடத்தில் நெரிசல் என்ற பேச்சே இல்லை. 1980-களில் அங்கேயே புரோட்டான் சிதைவைத் தேட 140 டன் இரும்புக் கருவி அமைந்தது. அதற்கு எஃகுக் குழாய்களால் ஆன விகிதசம எண்ணிகள் பயன்பட்டன. 1992-இல் கோலார் சோதனை நின்றபின் அந்தக் குழாய்கள் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பூமிக்கடியில் அமைதியில் கிடந்தவை மலைமேல் மியூவான் என்னும் துகள்களின் மழையில் நனைய வந்தன.

ஊட்டியில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேப்ஸ்-3, தமிழர் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் நடக்கும் உலகத்தர அண்டக்கதிர்ச் சோதனை. ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 ஒளிர்வு உணரிகள் புல்வெளியில் 8 மீட்டர் இடைவெளியில் பரந்திருக்கின்றன. அவற்றை ஒட்டி 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. அதில் 16 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 4 அடுக்கு. ஓர் அடுக்குக்கு 58 எண்ணிகள். ஆக மொத்தம் 3,712. ஓர் எண்ணி 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் சதுர வாயும் கொண்ட எஃகுக் குழாய். மேலே சுமார் 2 மீட்டர் தடிப்புக் கான்கிரீட் இருப்பதால் மற்றத் துகள்கள் நின்றுவிடும், மியூவான் மட்டும் ஊடுருவி வரும். நாள் ஒன்றுக்கு 400 கோடி மியூவான்கள்.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தொகுதிக்கு நொடிக்குச் சுமார் 3,000. ஒரு மியூவானைப் பதிய 10 மைக்ரோநொடி பிடிக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நொடியில் நூற்றில் 3 பங்கு நேரம் அடைபட்டுவிடும். நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று மியூவான் தவறும். மூன்று தானே என்று விடமுடியாது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே நின்ற இடிமேகம், 18 நிமிடத்துக்கு மியூவான் வரத்தை 2 விழுக்காடு குறைத்தது. அந்தச் சிறு பள்ளத்திலிருந்துதான் மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கண்டு, 2019-இல் வெளியிட்டார்கள். நாம் தேடும் செய்தியைவிடக் கருவியின் குருட்டுத்தனம் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. இழப்பு ஒரே சீராக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். வரத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கினால், அதன் போக்கு தெரியாதவரை, மேகம் செய்தது எது, பலகை செய்தது எது என்று பிரிக்கவே முடியாது. செயலற்ற நேரத்தின் மாதிரி இந்த இடத்தில் உயிர்நாடி.

அதே முடிவில் இன்னொரு வகை மாதிரியும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான கோர்சிகா என்ற நிரல், அண்டக்கதிர் ஒன்று காற்றில் மோதி மழையாகப் பெருகுவதைப் படிப்படியாகப் பாவனை செய்யும். மின்னழுத்தத்தைக் கண்டது அதைக் கொண்டு. அது துகளின் மாதிரி. துகள் கருவியைத் தொட்டபின் கம்பி, டிரிகர், பஃபர், வட்டு என்று போகும் பாதையின் மாதிரி தனி. முன்னதில் எவ்வளவு நுட்பம் காட்டினாலும் பின்னதில் ஓட்டையிருந்தால் விடை ஒழுகிவிடும். ஊட்டியில் பின்னர் டிரிகர் இல்லாத பதிவுமுறை ஒன்றும் வளர்க்கப்பட்டது. எஃப்பிஜிஏ என்னும் திருத்தியமைக்கக்கூடிய சில்லுகள் ஒவ்வொரு எண்ணியின் துடிப்பையும் நேரத்தோடு எழுதும். தெரிந்தெடுப்பு பிறகு மென்பொருளில் நடக்கும்.

அளவில் இதன் உச்சம் ஜெனீவாவின் செர்ன். அங்கே பெரிய ஹேட்ரான் மோதுவியில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி தடவை சந்திக்கின்றன. சிஎம்எஸ் சோதனையின் முதல்நிலை டிரிகர் அதை 1 லட்சமாகக் குறைக்கும். டாடா நிறுவனம், பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலியவை அந்தச் சோதனைக்குக் கருவிப்பகுதி செய்துகொடுத்தன. அதே மோதுவியின் அட்லஸ் சோதனைக்காரர்கள் முழு வலையமைப்பும் வருமுன்பே சிறிய சோதனை அமைப்பு ஒன்றை வைத்து, அதன் அளவீடுகளோடு கணினி மாதிரியை ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். பிறகு அதே மாதிரியை முழு அளவுக்கு விரித்து, எந்த ஸ்விட்ச்சில் நெரிசல் வரும் என்று பார்த்தார்கள். சின்னதில் ஒத்துப்போனால்தான் பெரியதில் நம்பலாம் என்ற இந்த ஒழுங்கை இத்துறையின் முதிர்ச்சி என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலையடியில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. உள்ளூர் எதிர்ப்பும் சூழல் வழக்குகளும் மாநில அரசின் மறுப்பும் அதை நிறுத்திவைத்தன. அதன் ஐகால் கருவியை 50,000 டன் காந்த இரும்பாக, சுமார் 28,800 உணர்தகடுகளோடு வரைந்தார்கள். ஒரு தகட்டுக்கு 128 பட்டைகள். மொத்தம் ஏறத்தாழ 37 லட்சம் தடங்கள். ஒரு பட்டை வெறும் இரைச்சலாக நொடிக்கு 100 தடவை துடித்தால்கூட நொடிக்கு 37 கோடி பொய்த்துடிப்பு. நியூட்ரினோவோ நாளுக்குச் சில. ஆகவே கருவியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரே பகுதியில் அடுத்தடுத்த அடுக்குகள் சேர்ந்து துடித்தால் மட்டும் எழுதுவது என்று டிரிகரை வகுத்தார்கள். எத்தனை அடுக்கு கேட்டால் இரைச்சல் அடங்கும், எத்தனை கேட்டால் மெய்யான மியூவானும் வெளியே தள்ளப்படும் என்பதை ஜியான்ட்-4 என்னும் நிரலின் பாவனையால் பார்த்து அந்த முறை 2012-இல் வெளியானது.

மலை கிடைக்காவிட்டாலும் மதுரையில் 85 டன் எடையில் மினி-ஐகால் எழுந்தது. 2018-இலிருந்து ஓடுகிறது. அதன் தகடுகள் ஒவ்வொன்றும் தன் பதிவுப்பலகையோடு, ஈதர்நெட் கம்பியில் தொங்கும் தனிக் கணினியைப்போல் தரவை அனுப்புகின்றன. பெரிய கருவிக்கு வரைந்த பதிவுமுறை இங்கே 20 தகடுகளில், தரைமேல் பொழியும் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.